கிந்தா ஆற்றங்கரையும் ஒரு குலதெய்வக் கேள்வியும்

1

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகலாம், புடவை கட்டிக்கொள் என்று நான் குடியிருக்கும் வீட்டுச் சரோஜா அக்கா சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கிந்தா ஆற்றங்கரைக்கு யாரும் புடவை கட்டிக்கொண்டு போவதில்லை. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் ஓரமாக நீளமாக ஒரு நடைபாதை இருக்கிறது. சாயங்காலமானால் அரைக்கால் சட்டையில் ஓடுகிறவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள், விளக்குகளால் செய்த யானையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் என்று நிறைந்துவிடும். அங்கே ஒருத்தி கரைபோட்ட புடவையில் நின்றால், ஒன்று அவளுக்கு அன்று கல்யாணமாக இருக்க வேண்டும், அல்லது அவளை யாரோ பார்க்க வந்திருக்க வேண்டும்.

"எதுக்குக்கா புடவை?"

"சும்மா லா. அழகா இருக்கும்."

"யாரெல்லாம் வர்றாங்க?"

"நானு, தர்ஷினி, நீ." அக்கா அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. "பெரியம்மா ஆயர் தாவார்ல இருந்து வாராங்க. தம்பியும் வருவான். அவன்தானே காடி ஓட்டணும்."

இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டும், காரைக் காடி என்பார்கள். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த நீர். வந்த புதிதில் "காடில ஏறி உக்காரு" என்று அக்கா சொன்னதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போது அந்தச் சொல் பழகிவிட்டது. ஆனால் அந்தத் தம்பி? அக்காவின் தம்பி மோகன், லூமுட் துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். முப்பதைத் தாண்டியவர். தீபாவளிக்கு வந்தபோது என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார். நான் தட்டைக் கழுவப் போனபோது, "படிச்சவங்க கழுவக் கூடாது மிஸ், வைங்க" என்று பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கே நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஊரில் இரண்டு முறை என்னைப் பெண் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது முறை, காபித் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியை முடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் நான் கடல் தாண்டி வந்தேன். இங்கேயும் ஒரு தட்டு எனக்காகக் காத்திருக்கிறது என்றால், அதை ஆற்றில் விடுவதற்கும் நான் தயார்.

2

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. காலை முதல் மாலை வரை உருப்பெருக்கிக்குக் கீழே சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்து, எங்கே பற்றவைப்பு விட்டிருக்கிறது, எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தால் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரிவின் முதல் பாடம். மூன்று வருடமாக அதைச் செய்கிறேன். நன்றாகவே செய்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா செஞ்சிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். நான் வாங்கிய பொறியியல் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது தலைகீழாக மாட்டிவிட்டார். நான் விடுமுறையில் போய்த் திருப்பி மாட்டினேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. தலைகீழாக இருந்தபோதும் அதைத் தினமும் துடைத்திருக்கிறார்.

படிப்பு முடிந்து சென்னையில் முதல் வேலை கிடைத்தபோது ஓர் அறை தேடினேன். ஒரு வீட்டுக்கார அம்மா மிகவும் நல்லவராக இருந்தார். காபி கொடுத்தார். எந்த ஊர் என்றார். சொன்னேன். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்றார். சொன்னேன். அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்க குலதெய்வம் எதும்மா?" என்றார்.

எனக்கு அப்போது விவரம் போதாது. ஒத்தப்பனை வீரன் என்று பெருமையாகச் சொன்னேன். ஏரிக்கரையில், எங்கள் தெரு முடிகிற இடத்தில், ஒரே ஒரு பனை மரத்தடியில் நிற்கும் சாமி. சிலைகூடக் கிடையாது, மஞ்சள் பூசிய கல். வருடம் ஒரு முறை பங்காளி வீடுகள் எல்லாம் வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவோம், வீட்டுக்கு ஒரு பானை என்று விவரித்தேன். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டார். மறுநாள் காலையில், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அறை இல்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

எங்கள் தெருவை ஊரில் காலனி என்பார்கள். ஊரார் அந்தப் பனை மரத்தடிக்கு வரமாட்டார்கள். குலதெய்வம் கேட்கத் தெரிந்தவர்கள் அதற்குமேல் எதையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் கேட்டபோது திருப்பதிப் பெருமாள் என்றேன். அறை கிடைத்தது. பெருமாள் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஈப்போவில் இறங்கிய அன்று, ஒரு சக ஊழியர் சொல்லி, சரோஜா அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் ஜொகூர் பக்கம்தான் இருப்பார். வாசலில் பெட்டியோடு நின்ற என்னிடம் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த அறையை எடுத்தேன்.

அக்கா வீட்டுச் சமையலறையில் என் தட்டும் தம்ளரும் அவர்கள் தட்டு தம்ளர்களோடுதான் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்ததில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அது கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

3

அந்த வாரம்தான் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். ஒவ்வொரு வருடமும் அதே வரிசை, அதே குளிர். முகப்பில் இருந்த பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரே பெயர்தானா, குடும்பப் பெயர் எங்கே என்று மலாயில் கேட்டார். இங்குள்ள தமிழர்கள் தம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன் என்று போடுகிறார்கள். என்னிடம் இருப்பது ஓர் எழுத்து, ஒரு பெயர்: மு. செல்வி. எங்கள் ஊரில் அதற்குமேல் ஒட்டாமல் விட்டதுதான் பெருமை என்று விளக்க எனக்கு மலாய் போதாது. "தியாடா" என்றேன். இல்லை. அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தார். ஏதோ வழியில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் அக்காவின் விசாரணை.

"பொங்கலுக்கு ஊருக்குப் போறது உறுதிதானே?"

"உறுதிக்கா."

"பெட்டியில எவ்ளோ எடம் இருக்கும்?"

மறுநாள்: "உங்க வீட்ல கல்யாணம்னா மொதல்ல என்ன செய்வாங்க?"

அதற்கு மறுநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "உங்க ஊர்ல கோயிலு கிட்டத்துலயா, தூரமா?"

பெட்டியில் இடம், கல்யாணம், கோயில். மூன்றையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை. பெட்டியில் இடம் என்றால் யாரோ எதையோ கொடுத்தனுப்பப் போகிறார்கள். அடுத்தவர் பொட்டலத்தைத் தூக்காதே என்று விமான நிலையத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கோயில் என்றால்? அதை நான் மேலே யோசிக்க விரும்பவில்லை.

தர்ஷினியிடம் கேட்டுப் பார்த்தேன். அக்காவின் மகள், இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்லுவாள். என்னிடம் மட்டும் ஆங்கிலம், ஏனென்றால் நான் பொறியாளராம். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரஹ்சியா" என்றாள். ரகசியம். தமிழே பேசாத பிள்ளை, எனக்கு நன்றாகப் புரிகிற ஒரு மலாய்ச் சொல்லைப் பார்த்து எடுத்திருந்தது.

4

மோகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவின் பெரியம்மா முன்னிருக்கையில் இருந்தார். வெளுத்த நூல் புடவை, அதன் கீழே ஓடுகிறவர்கள் போடும் ஊதா நிறக் காலணி. மடியில் ஒரு துணிப்பை. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. நான் ஏறியதும் திரும்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"புடவைல வந்திருக்கு. நல்லது" என்றார் அக்காவிடம். என்னிடம் இல்லை.

ஆற்றங்கரையில் அப்போதுதான் விளக்குகள் போட்டிருந்தார்கள். மரங்களின் அடியிலிருந்து கிளை வரை வண்ண விளக்குச் சரங்கள். நடைபாதைக்கு மேலே வளைவு வளைவாக ஒளி. அதற்குள் நடந்தால் நம் முகம் நீலமாகும், பச்சையாகும், மறுபடி நீலமாகும். எதிர்க்கரையில் பழைய ஊரின் கடைவரிசை. பாலத்தின் கீழே தண்ணீர் காபி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

பெரியம்மா முதல் மரத்தருகே நின்றார். விளக்குச் சரத்தை விலக்கி, பட்டையை உள்ளங்கையால் தடவினார். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே பால்மரம் வெட்டியவர் அவர்; இங்கே கித்தா என்றும் சொல்லும் ரப்பர் மரத்தில் பால் எடுப்பது. தோட்டத்தில் விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, முன்நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடியவர்.

"நாங்க தலையில விளக்க கட்டிக்கிட்டோம். இவனுங்க மரத்துக்குக் கட்டி வச்சிருக்கானுங்க. மரம் எப்படி லா தூங்கும்?"

"பெரியம்மா, இது அழகுக்கு."

"ஒரு சொட்டு பால் வராது. இதுக்கு இம்புட்டு கரண்டா?"

தர்ஷினி யானைப் பொம்மைக்கு முன்னால் உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொண்டாள். மோகன் என் பக்கம் வந்தார். வந்து, போய், மறுபடி வந்தார்.

"மிஸ், ஒரு போட்டோ எடுக்கவா?"

"யாருக்கு அனுப்ப?"

"யாருக்கும் இல்லை மிஸ். சும்மா."

இந்த வீட்டில் எல்லாமே சும்மாதான். பக்கத்து ஒட்டுக்கடையில் அக்கா, ஐஸைச் சீவிப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். மோகனுக்கும் எனக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். பெரியம்மா சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்து துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஓர் எவர்சில்வர் தட்டு. தட்டு!

இதற்குமேல் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"மோகன், நேராவே சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இப்ப கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமே இல்லை. உங்களை மட்டும்னு இல்லை, யாரையுமே."

மோகன் ஓர் அடி பின்னால் போனார்.

"அலாமாக்! எனக்கு தையில கல்யாணம் மிஸ்!"

"யாரோட?"

"தைப்பிங்ல பொண்ணு. நிச்சயம் பண்ணியாச்சு!"

அக்கா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த ஐஸ் கச்சாங் நடைபாதையில் கொட்டியது. "இவனையா? இவனை நீ பாப்பியா? வந்தா இவன் துணிய இன்னும் நான்தான் தொவைக்கிறேன் லா!" தர்ஷினி கைப்பேசியை என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். என் முகம் அப்போது நீலமா பச்சையா தெரியவில்லை. எனக்குச் சிவப்பாகத்தான் சுட்டது.

"அப்ப எதுக்குப் புடவை?" என்றேன், இருந்த கொஞ்ச மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள.

"வெத்தலைய முந்தானையிலதானே வாங்கணும்" என்றார் பெரியம்மா. "பேண்ட் போட்டு வந்தா எதுல வாங்குவ? இங்கிட்டு வந்து உக்காரு."

5

தட்டில் வெற்றிலை, பாக்கு, ஓர் எலுமிச்சை. அவர்கள் தோட்டத்தில் சாமி காரியம் பேசுவதென்றால் ஆற்றோரமாகப் போய்த்தான் பேசுவார்களாம். வீட்டுக்குள் பேசினால் அது அந்த வீட்டோடு நின்றுவிடுமாம். பெரியம்மா தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க வீட்டு சாமி எது பொண்ணு?"

கல்யாணத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அதே கேள்வி. அதே சிரிப்பு. காபிக்குப் பதிலாகக் கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்.

"திருப்பதிப் பெருமாள்" என்றேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"அது எல்லாருக்கும் உள்ள சாமி. பஸ் வச்சுப் போற சாமி. நான் கேக்குறது உங்க வீட்டுக்குன்னு உள்ளது. கெடா வெட்டுற சாமி."

"எதுக்குக் கேக்குறீங்க பெரியம்மா?"

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு போயிருந்தது.

"தைப்பிங்ல பொண்ணோட அப்பா கேட்டுட்டாருமா. மொத பத்திரிகைய எந்தக் குலசாமிக்கு வைப்பீங்கன்னு. அவரு இந்தியாவுக்கு டூர் போய் அவங்க சாமிய கண்டுபிடிச்சிட்டு வந்தவரு. எங்ககிட்ட என்ன இருக்கு? தோட்டத்து முனியாண்டிதான். கித்தா மரத்த வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டப்ப அவரையும் பெயர்த்துக் கொண்டாந்து டவுன் கோயில்ல ஒரு ஓரமா வச்சாச்சு."

"முனியாண்டி தோட்டத்துக்கே பொது" என்றார் பெரியம்மா. "வீட்டு சாமி வேற. அது எங்க மாமனாரு, இவங்க தாத்தா, வாயிலேயே போயிடுச்சு."

மோகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஊர்ல இருக்கு மாமா, ஆள் போகுது, வச்சிடுவாங்கன்னு சொல்லிட்டேன். ஆள் யாருன்னு கேட்டாரு. எங்க வீட்டுப் பொண்ணுதான், இஞ்சினியர்னு சொன்னேன்."

"அதனால உங்க சாமிய எங்களுக்கும் கொஞ்சம் விட்டுக் குடு" என்றார் பெரியம்மா. "பத்திரிகைய அங்க வை. எங்களுக்கு எதுன்னு தெரியலை, இனிமே இதுதான்னு சொல்லு. சாமி கேட்டுக்கும்."

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்குக் கேட்கலாம், பாத்திரம் கேட்கலாம், நகைகூடக் கேட்பார்கள். குலதெய்வத்தை யாரும் கேட்டதில்லை. ஒரே குலதெய்வம் என்றால் ஒரே பங்காளி. பிறப்புக்குத் தீட்டு, சாவுக்குத் தீட்டு, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நம் ஊரில் ஆளைப் பிரிப்பதற்கு வைத்திருக்கும் வேலியை, இவர்கள் ஏறி உட்காரும் திண்டு என்று நினைத்துவிட்டார்களா?

அல்லது தெரிந்தே கேட்கிறார்களா?

எனக்கு அந்தத் தைப்பிங் அப்பாவை நன்றாகத் தெரிந்தது. பார்த்ததில்லை, ஆனால் அவர் குரல் தெரியும். சாமி பெயருக்குப் பிறகு ஊர் கேட்பார். ஊருக்குப் பிறகு எந்தப் பக்கம் என்பார். நான் பெருமாளோடு நிறுத்திக்கொண்டால் மோகனின் கல்யாணத்துக்கு ஒன்றும் வராது; என் தட்டும் தம்ளரும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா "நம்ம பெருமாளுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டும். சொந்த வீட்டில் யாராலும் அப்படி இருக்க முடியாது.

"பெரியம்மா, அந்த அப்பா கேட்டது சாமிக்காக மட்டும் இருக்காது."

"தெரியும் லா" என்றார் அக்கா. "எங்களுக்கும் காது இருக்கு."

அந்தப் பதில் என்னைப் பயமுறுத்தியது. தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். தெரியும் என்றால், அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதும் இவர்களுக்குத் தெரியும்.

"எங்க சாமி ஒத்தப்பனை வீரன்" என்றேன். "ஊருக்குள்ள இல்லை. எங்க தெரு தனியா இருக்கும், காலனி. தெரு முடியிற இடத்துல ஏரிக்கரை. ஊர்க்காரங்க யாரும் அங்க வந்து கும்பிட மாட்டாங்க. பேரைச் சொன்னா எங்க பக்கத்துல தெரிஞ்சவங்களுக்கு நாங்க யாருன்னு தெரிஞ்சிடும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருச்சு."

எதிர்க்கரைப் படியில் ஓர் உடும்பு மெதுவாக இறங்கித் தண்ணீரில் கலந்தது. தர்ஷினி கைப்பேசியைக் கீழே இறக்கினாள். அக்கா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா ஆற்றைப் பார்த்தார். நான் சமையலறையில் கவிழ்த்து வைத்த தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுருட்டு உண்டா?" என்றார் பெரியம்மா.

"என்னது?"

"உங்க வீரனுக்கு. சுருட்டு வைப்பீங்களா?"

"வைப்போம். சாராயமும்."

"பனையா?"

"ஒத்தப் பனை."

"நாங்களும் இப்ப பனைக்குள்ளதான் கெடக்கோம், செம்பனை. அப்ப சரி."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு வெளங்குச்சா இல்லையா?"

"வெளங்காம என்ன?" பெரியம்மாவின் குரல் ஏறியது. "தோட்டத்துல வீடுங்கள லயம் லயமா, வரிசை வரிசையா, பிரிச்சுத்தானே வச்சிருந்தானுங்க. இந்த லயத்துக்காரன் அந்த லயத்துல தண்ணி குடிக்க மாட்டான். எங்க மாமனார்கிட்ட கேட்டிருக்கேன், நம்ம சாமி எது மாமான்னு. மறந்துட்டேம்பாரு. கடைசி வரைக்கும் மறந்துட்டேன்தான். அந்த மனுசன் எதையும் மறக்குற ஆளு இல்லை. தோட்டத்துல அத்தனை மரத்தோட நெரையும் வாயில நிக்கும். சாமிய மட்டும் எப்படி மறந்தாரு?"

தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார்.

"இந்தப் பொண்ணு மொதல்ல பெருமாளுன்னுச்சுல்ல" என்றார் பெரியம்மா. "அதே மாதிரிதான் அவரும்."

நான் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மையா, அல்லது என்னைச் சமாதானப்படுத்த அந்த நேரத்தில் கட்டியதா? எனக்கு இன்னும் சந்தேகம்தான். செத்தவரை உருப்பெருக்கிக்குக் கீழே வைக்க முடியாது.

"முந்தானைய நீட்டு" என்றார்.

நீட்டினேன். வெற்றிலையும் பாக்கும் எலுமிச்சையும் விழுந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவர் நின்று, நாங்கள் ஏதோ கொண்டாடுகிறோம் என்று நினைத்துக் கை தட்டிவிட்டுப் போனார்.

மோகன் மட்டும் அசையாமல் நின்றார். இழப்பதற்கு இப்போது அவரிடம்தான் ஒரு கல்யாணம் இருந்தது.

"தைப்பிங்ல கேட்டா இதே பேரையே சொல்லிடவா?"

"அது உங்க விருப்பம்" என்றேன். "ஆனா வேற பேரைச் சொல்லி எங்க சாமிக்குப் பத்திரிகை வைக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் போனார். நாங்கள் நால்வரும் கீழே இருந்து பார்த்தோம். பேசினார். நின்றார். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைத் தட்டினார். சிவப்பு ஒளியில் அவர் சண்டை போடுவதுபோல இருந்தது. பச்சை வந்ததும் கெஞ்சுவதுபோல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தார்.

"என்னடா, பொண்ணு என்ன சொன்னா?"

"பேரு ஸ்டைலா இருக்காம்."

"அடச்சீ. கடுதாசி மாதிரி முழுசா சொல்லு லா!"

"எல்லாத்தையும் சொன்னேன்க்கா. அவங்க அப்பாகிட்ட அவ பேசிக்கிறாளாம். நீ பயந்தா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்னுட்டா." பிறகு என்னிடம் திரும்பி, "போலாமா தங்கச்சி?" என்றார்.

வரும்போது மிஸ்ஸாக இருந்தவள், போகும்போது தங்கச்சி. இந்த மாற்றத்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

6

பத்திரிகை வந்துவிட்டது. நான் கேட்காமலே மோகன் செய்திருந்தார்: எல்லாப் பத்திரிகையிலும், உச்சியில், தங்க எழுத்தில், அருள்மிகு ஒத்தப்பனை வீரன் துணை. ஏரிக்கரையில் ஒரு பலகைகூட இல்லாத சாமியின் பெயரை அச்சில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை சோதித்தேன். இல்லை.

தைப்பிங் அப்பா இதுவரை எதுவும் கேட்கவில்லையாம். கேட்காமல் இருப்பவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கல்யாணத்தன்று அவர் எனக்கு எதிரே உட்காருவார். உட்காரட்டும். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்வேன், எனக்குப் பழக்கம்தான்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை என் பெட்டியில், துணிகளுக்கு நடுவே இருக்கிறது. சுருட்டு மட்டும் வேண்டாம் என்று பெரியம்மா தடுத்துவிட்டார். இங்குள்ள சுருட்டு வீரனுக்கு ஒத்துக்கொள்ளாதாம், அங்கேயே வாங்க வேண்டுமாம்.

நேற்று மாலை, பாத்திரம் கழுவி முடித்த கையோடு, அப்பாவைக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்ம சாமிக்கா?" என்றார்.

"ஆமாப்பா."

"நம்ம சாமிக்கா பத்திரிகை?"

"ஆமாப்பா. மலேசியாவுல இருந்து."

சூளைப் பக்கத்தில் நாய் குரைத்தது. பிறகு அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவுங்க என்னா ஆளுங்கம்மா?"

மூன்று வருடமாக இந்தக் கேள்வி அக்காவிடமிருந்து வரும், பெரியம்மாவிடமிருந்து வரும், தைப்பிங்கிலிருந்து வரும் என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். அது என் வீட்டிலிருந்து வந்தது. அப்பாமேல் எனக்குக் கோபம் வந்தது. அவருக்கும் அவருடைய பயம் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. இரவல் வாங்கியவர்கள் நாளைக்கு உரிமை கொண்டாடினால்? அல்லது யார் என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்பிப் போனால்? அவரும் தன் வாழ்நாளெல்லாம் தரக் கட்டுப்பாட்டில்தான் இருந்திருக்கிறார்.

சமையலறையில் தம்ளர்கள் கவிழ்ந்து வரிசையாக நின்றன. என்னுடையது எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"பங்காளிங்கப்பா" என்றேன்.

அப்பா நம்பவில்லை என்று நினைத்தேன். தொடர்பு அறுந்துவிட்டது என்றும் நினைத்தேன். அப்புறம் கேட்டார்:

"எத்தினி வூடு?"

"மூணு. அக்கா வீடு, பெரியம்மா வீடு, கல்யாணம் ஆனதும் மோகன் அண்ணன் வீடு."

"மூணு பானை கூட வைக்கணுமே" என்றார் அப்பா. "பனைக்கிட்ட எடம் பத்தாது. வரிசைய ஏரிப் பக்கமா கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்."